கார்பைடு உளியைத் தீட்டச் சக்கரம் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பின் கைத்தொழில் பக்கத்தை நான் விடாமல் படிப்பவன். அதில் மரக்கடைசல் பற்றி ஒரு முழுப்பக்கக் கட்டுரையைப் பார்த்ததும் சந்தோஷமாக இருந்தது. தச்சு வேலையைப் பற்றி எழுத நாலு பேர் உண்டு. கட்டையைச் சுழலவிடும் லேத்தில் மரம் கடைபவர்களை யாரும் கண்டுகொள்வதில்லை. கட்டுரையின் பெரும்பகுதி நன்றாகவே இருந்தது. கடைசியில் கட்டம் கட்டிப் போட்டிருந்த குறிப்புதான் என்னை இந்தக் கடிதம் எழுத வைத்தது. கார்பைடு உளியின் முனை மழுங்கினால் பெஞ்ச் கிரைண்டர் என்ற சாணைச் சக்கரத்தில் பிடித்து லேசாகத் தீட்டலாம், சூடேறினால் தண்ணீரில் முக்கி எடுத்தால் போதும் என்று அதில் இருந்தது.

தயவுசெய்து யாரும் அப்படிச் செய்ய வேண்டாம்.

வேலை பார்த்த காலம் முழுவதையும் ஒரு தொழிற்சாலையின் டூல் ரூமில் கழித்தவன் நான். இரும்பு கடையும் லேத்துகளுக்கான கார்பைடு உளிகளைச் சாணை பிடித்துக் கொடுப்பதுதான் என் வேலை. ஓய்வுக்குப் பிறகு வீட்டில் ஒரு சின்ன லேத் வைத்து மரம் கடைகிறேன். கடைசலுக்குப் புதிதாக வருபவர்கள் பலரும் இப்போது கார்பைடு உளியில்தான் தொடங்குகிறார்கள். காரணம் புரிகிறது. கோஜ், ஸ்க்யூ போன்ற எஃகு உளிகளுக்குச் சாணை பிடிக்கப் பழகுவதே தனி வித்தை. கார்பைடு உளியில் அந்தத் தொல்லை இல்லை. ஓர் இரும்புத் தண்டு, அதன் நுனியில் விரல் நகம் அளவுக்கு வட்டமாகவோ சதுரமாகவோ ஒரு வில்லை, நடுவில் ஒரு ஸ்க்ரூ. அவ்வளவுதான். உளியைத் தாங்கும் டூல் ரெஸ்டில் படுக்கையாக வைத்துத் தள்ளினால் சீவும். ஒரு பக்கம் மழுங்கினால் வில்லையைத் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். தீட்டவே வேண்டாம் என்று சொல்லித்தான் விற்கிறார்கள். எல்லாப் பக்கமும் மழுங்கிய பிறகு என்ன செய்வது என்பதை மட்டும் சொல்வதில்லை. அந்த இடத்தில்தான் ஆள் கிரைண்டர் பக்கம் போகிறார்.

கார்பைடு எப்படிப்பட்ட சரக்கு என்று தெரிந்தால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். அது ஒற்றை உலோகம் கிடையாது. டங்ஸ்டன் கார்பைடு என்ற மிகக் கடினமான பொடியைக் கோபால்ட் பொடியுடன் கலந்து, அச்சில் அழுத்தி, ஏறக்குறைய 1,400 டிகிரி செல்சியஸ் சூட்டில் சுட்டு எடுக்கிறார்கள். கான்கிரீட்டில் ஜல்லியைச் சிமெண்ட் பிடித்துக்கொண்டிருப்பது மாதிரி, கார்பைடு துகள்களைக் கோபால்ட் பிடித்துக்கொண்டிருக்கிறது. 1920-களில் ஜெர்மனியில் உருவானது இது. க்ரூப் நிறுவனம் 'விடியா' என்று பெயர் வைத்து விற்றதால், பழைய பட்டறை ஆட்கள் இன்னமும் விடியா டிப் என்றுதான் சொல்வார்கள்.

இப்போது பெஞ்ச் கிரைண்டருக்கு வருவோம். அதோடு கூடவே வரும் சாம்பல் நிறக் கல் அலுமினியம் ஆக்சைடு. எஃகைத் தீட்ட அது நல்ல கல். கார்பைடும் கடினத்தில் அதற்கு அருகிலேயே இருப்பதால் கல்லால் அதை ஒழுங்காக வெட்ட முடியாது. கல்லின் முகம் பளபளவென்று மெழுகிப்போகும், உரசல் சூடு ஏறும், வில்லை அப்படியே இருக்கும். ஆள் விடுவாரா? இன்னும் அழுத்துவார். அப்போதுதான் விளிம்பு பொடிப்பொடியாகச் சில்லுப் பெயரும். கல்லிலும் குழி விழும். சிலிக்கான் கார்பைடால் ஆன பச்சைக் கல் வெட்டும். டூல் ரூம்களில் ஒரு காலத்தில் அதுதான் புழக்கம். ஆனால் அந்தக் கல் தானும் சீக்கிரம் உதிரும். தூசி இரட்டிப்பு. எஃகு உளி வைத்திருப்பவர்கள் இப்போது விரும்பி வாங்கும் சி.பி.என். (கியூபிக் போரான் நைட்ரைடு) சக்கரம் கார்பைடுக்கானது இல்லை. கார்பைடை முறையாக வெட்டுவது வைரம் ஒன்றுதான். அதற்காக எஃகு உளியையும் அதே வைரச் சக்கரத்தில் வேகமாகத் தீட்டக் கூடாது. சூட்டில் வைரத்தின் கார்பன் இரும்புக்குள் போய்விடும், சக்கரம் வீணாகும்.

தண்ணீரில் முக்கச் சொன்னது எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும். கார்பன் எஃகு உளியைச் சாணை பிடிக்கும்போது நுனி நீலம் பாரித்துவிட்டால் அதன் பதம் போய்விடும். அதனால் அடிக்கடி தண்ணீரில் முக்கிக்கொண்டே தீட்டுவோம். எஃகுக்குச் சரியான பழக்கம் அது. கார்பைடுக்கு அந்தப் பதமே கிடையாது. சிவக்கச் சூடானாலும் கடினத்தைப் பெருமளவு இழக்காது என்பதால்தான் இரும்பு கடையவே அதை வைத்திருக்கிறார்கள். அதற்கு ஆகாதது திடீர்க் குளிர்ச்சி. சுடச்சுடத் தண்ணீரில் விட்டால் மயிரிழைபோல விரிசல் விழும். வெறும் கண்ணுக்குத் தெரியாத விரிசல். அடுத்த முறை லேத்தில் மரக்கட்டை சுற்றிக்கொண்டிருக்கும்போது அந்த முனை உடைந்து தெறிக்கும். எந்தத் திசையில் தெறிக்கும் என்று சொல்ல முடியாது. டிப்பை, அதாவது கார்பைடு முனையை, தண்டோடு பற்றவைத்திருக்கும் உளிகளில் இது இன்னும் மோசம். சூட்டில் எஃகு எவ்வளவு விரிகிறதோ அதில் பாதி அளவுதான் கார்பைடு விரியும். நடுவில் இருக்கும் பற்றவைப்புதான் இந்த இழுபறியைத் தாங்க வேண்டும்.

இவ்வளவும் உளிக்கு வரும் கேடு. உளி போனால் இன்னொன்று வாங்கலாம். நான் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் தூசி.

எஃகைச் சக்கரத்தில் வைத்தால் பொறி பூவாகச் சிதறும். அதைப் பார்த்தே கண்ணாடி மாட்டுவோம், தள்ளி நிற்போம். கார்பைடில் அந்த அறிகுறி இல்லை. மங்கலான ஆரஞ்சு நிறத்தில் குட்டையாக நாலு கீற்று வந்தால் அதிகம். பார்ப்பவருக்கு ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். என்னிடம் வேலை பழக வந்த ஒரு பையன், "பொறியே வரலையே அண்ணே, இதுக்குப் போய் எதுக்கு முகமூடி?" என்று கேட்டான். பதில் சொல்லாமல் மேலே இருந்த விளக்கை அணைத்துவிட்டு, டார்ச் ஒன்றை எடுத்துச் சக்கரத்துக்குப் பக்கவாட்டில் வெளிச்சம் அடித்துக் காட்டினேன். அந்த ஒளிக்கற்றைக்குள் சாம்பல் நிறப் புகை மாதிரி தூசி மெதுவாகச் சுழன்று, அவன் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த முகத்துக்கு நேரே ஏறிக்கொண்டிருந்தது. "அடேயப்பா" என்று பின்னால் நகர்ந்தான். அப்புறம் அவனிடம் முகமூடியைப் பற்றி நான் பேச வேண்டி வரவில்லை. யார் வேண்டுமானாலும் தங்கள் கொட்டகையில் இதைச் செய்து பார்க்கலாம். மரத்தூளுக்கும் இதே சோதனை செல்லும்.

கார்பைடு கனமான பொருள், தூசி தானாகக் கீழே விழுந்துவிடும் என்று வாதிடுபவர்களும் உண்டு. கனம் உண்மைதான், எஃகைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஆனால் சாணையில் பிறக்கும் தூசியில் நுரையீரலின் ஆழம்வரை போகக்கூடிய நுண்துகளும் உண்டு. அது எடை பார்த்து உடனே விழாது. நெடுநேரம் காற்றிலேயே நிற்கும்.

அந்தத் துகளில் கோபால்டும் டங்ஸ்டன் கார்பைடும் சேர்ந்தே இருக்கின்றன. கேடு அந்தச் சேர்க்கையில்தான். தனிக் கோபால்டை விடவும் இந்தக் கூட்டு நுரையீரலுக்கு அதிகம் கெடுதல் செய்கிறது. சிலருக்கு ஆஸ்துமா வரும். சிலருக்கு நுரையீரல் தழும்பேறி இறுகிவிடும். மருத்துவர்கள் இதைக் கடின உலோக நுரையீரல் நோய் என்கிறார்கள். 1940-லேயே ஜெர்மனியில் கார்பைடு தொழிலாளர்களிடம் இதைக் கண்டு எழுதியிருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, கோபால்டும் டங்ஸ்டன் கார்பைடும் சேர்ந்த இந்தத் தூசியை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கச் சாத்தியம் அதிகம் என்ற 2ஏ பிரிவில் 2006-ல் சேர்த்தது. அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ், வேலை நேரச் சராசரியாக ஒரு கனமீட்டர் காற்றில் 0.05 மில்லிகிராம் கோபால்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது. கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ளும் அளவே இல்லை அது.

ஒரே பட்டறையில் ஒரே தூசியைச் சுவாசித்த எல்லோருக்கும் இந்த நோய் வருவதில்லை. சிலர் உடம்புக்குக் குறைந்த அளவுகூட ஒத்துக்கொள்வதில்லை. யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. "நான் எத்தனை வருஷமா தீட்டறேன், எனக்கு ஒண்ணும் ஆகலையே" என்று சொல்பவரின் பேச்சை வைத்து இன்னொருவர் முடிவெடுக்க முடியாது. நானே அப்படிச் சொல்லக்கூடிய ஆள்தான், சொல்ல மாட்டேன். தொழிற்சாலையில் எங்களுக்குச் சக்கரத்தின் வாயிலேயே தூசியை இழுக்கும் குழாய் இருந்தது, தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. வீட்டுக் கொட்டகையில் இரண்டும் கிடையாது.

சரி, அப்படியானால் மழுங்கிய வில்லையைத் தூக்கிப் போட வேண்டியதுதானா? வேண்டாம். அதைத் தீட்டச் சக்கரமே தேவையில்லை.

முதலில், அது உண்மையிலேயே மழுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். பச்சை மரமும் பிசின் மரமும் கடைந்தால் விளிம்பில் பழுப்பாக ஒரு படிவு ஏறிவிடும். வில்லையைக் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவிட்டு, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் பாதி வில்லைகள் அதிலேயே உயிர் பெற்றுவிடும். அப்புறம் விளக்கின் கீழ் ஒரு பூதக்கண்ணாடி வைத்து விளிம்பைச் சாய்த்துப் பாருங்கள். கூரான விளிம்பு வெளிச்சத்தைத் திருப்பாது. மழுங்கிய இடத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று மின்னும். கட்டைவிரலை வைத்துக் கூர் பார்க்கும் பழக்கத்தை இங்கே விட்டுவிட வேண்டும். பல் பல்லாகச் சில்லு பெயர்ந்திருந்தால் அதைத் தீட்டி நேரத்தைக் கெடுக்காதீர்கள். அந்தப் பக்கம் முடிந்தது.

மழுங்கல் மட்டும்தான் என்றால் தட்டையான ஒரு வைரத் தகடு போதும். 600 கிரிட்டில் தொடங்கி, 1,200 கிரிட்டில் முடிக்கலாம் (எண் கூடக் கூட வைரத் துகள் நுணுக்கமாகும்). தகட்டில் தண்ணீர் விட்டு, பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு. வில்லையின் மேல்முகத்தை, அதாவது உளியைப் படுக்கையாக வைக்கும்போது மேலே தெரியும் அந்தத் தட்டையான முகத்தை, தகட்டில் முழுக்கப் படியவைத்துத் தேய்க்க வேண்டும். சரிந்திருக்கும் பக்கவாட்டை ஒருபோதும் தொடக் கூடாது. அங்கே கை வைத்தால் வட்டம் வட்டமாக இருக்காது. கோணம் மாறி, வில்லை சீவாமல் மரத்தில் உரசத் தொடங்கும். மேல்முகத்திலிருந்து தலைமுடித் தடிமனுக்கும் குறைவாகத் தேய்ந்தாலே விளிம்பு புதிதாகப் பிறந்துவிடும்.

விரல் நுனியால் இவ்வளவு சின்ன வில்லையைப் பிடித்துத் தேய்ப்பது தொல்லை, வழுக்கினால் விரலுக்கு ஆபத்தும்கூட. நான் செய்வதைச் சொல்கிறேன். கட்டைவிரல் தடிமனில் ஒரு மர உருளையைக் கடைந்து, அதன் அடிமுகத்தைத் துல்லியமாகத் தட்டையாக்கி, நடுவில் ஒரு சின்னக் காந்தத்தைப் பதித்து வைத்திருக்கிறேன். கோபால்ட் இருப்பதால் வில்லை காந்தத்தில் ஒட்டும். பிடி பெரிதாக இருப்பதால் அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒரே சீராக விழும், விரல் விளிம்பின் பக்கமே போகாது. காந்தம் கொஞ்சம் துருத்திக்கொண்டிருந்தாலும் வில்லை ஆடும், அதை மட்டும் கவனித்துப் பதிக்க வேண்டும். தேய்க்கும் முன் மேல்முகம் முழுக்க மார்க்கர் பேனாவால் கறுப்பாக்கிவிடுகிறேன். கொஞ்சம் தேய்த்துவிட்டுப் பார்த்தால் எங்கே கறுப்பு மிச்சம், எங்கே போயிருக்கிறது என்று தெரியும். விளிம்பைச் சுற்றி ஓர் இழைகூடக் கறுப்பு இல்லாமல் போனதும் 1,200 கிரிட் தகட்டுக்கு மாறலாம். அழுத்தக் கூடாது. தகட்டில் வைரத்தைப் பிடித்துவைத்திருப்பது மெல்லிய நிக்கல் பூச்சு. அழுத்தினால் வைரம் பெயர்ந்து தகடு மொட்டையாகிவிடும்.

மேல்முகம் தட்டையாக இல்லாமல் கிண்ணம்போலக் குழிந்த வில்லைகளும், விளிம்பை ஒட்டித் தனிச் சரிவு கொடுத்த வில்லைகளும் உண்டு. அவற்றுக்கு இந்த முறை பொருந்தாது. மாற்றிவிடுங்கள்.

தேய்த்த தண்ணீர் சாம்பல் நிறத்தில் குழம்பி நிற்கும். தண்ணீரில் தேய்ப்பதன் லாபமே தூசி காற்றில் ஏறாமல் அதில் தங்குவதுதான். அதைக் காயவிட்டுவிட்டு அப்புறம் துடைத்தால் லாபம் எல்லாம் போச்சு. ஈரமாக இருக்கும்போதே காகிதத்தால் துடைத்து, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி எறியுங்கள். அதே தண்ணீரைப் பாட்டிலில் ஊற்றி வைத்து மறுபடி மறுபடி பயன்படுத்துவது சிக்கனம் கிடையாது; கோபால்ட் அதில் கரைந்து சேர்ந்துகொண்டே போகும். கோபால்ட் சிலருக்குத் தோலில் அரிப்பும் தடிப்பும் உண்டாக்கும். மலிவு நகை போட்டால் காது அரிக்கிறவர்களுக்கு, அதாவது நிக்கல் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு, சில சமயம் கோபால்டும் ஒத்துக்கொள்வதில்லை. அவர்கள் மெல்லிய ரப்பர் கையுறை போட்டுக்கொள்ளட்டும். சுற்றும் சக்கரம் இல்லாத வேலை என்பதால்தான் இங்கே கையுறைக்குச் சம்மதிக்கிறேன். கிரைண்டர் முன்னால் கையுறை போட்டால் சக்கரம் கையையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும்.

வில்லையைத் திரும்ப மாட்டும்போது அது உட்காரும் பள்ளத்தை ஈரத்துணியால் துடையுங்கள். அடியில் ஒரு துளி மரத்தூள் இருந்தாலும் ஸ்க்ரூவை முறுக்கும்போது வில்லை நடுவில் வெடித்துவிடும். ஸ்க்ரூ கையிறுக்கத்துக்கு மேல் போக வேண்டாம்.

டிப்பைத் தண்டோடு பற்றவைத்த உளி வைத்திருப்பவர்களுக்கு இந்த வழி எல்லா நேரமும் உதவாது. நீர் ஓடும் வைரச் சக்கரமும் தூசி இழுப்பானும் வைத்திருக்கிற ஒரு சாணைக்காரரிடம் கொடுத்துவிடுங்கள் என்பதுதான் என் யோசனை. இல்லை, நான்தான் செய்வேன் என்று ஒருவர் நின்றால் அவருக்குச் சில வார்த்தை. டிப்புக்குக் கீழே இருக்கும் எஃகை முதலில் சாதாரணக் கல்லில் இன்னும் கொஞ்சம் சாய்வாகத் தீட்டி ஒதுக்கிவிட வேண்டும், வைரச் சக்கரம் கார்பைடை மட்டுமே தொடும்படி. சக்கரத்தின் சுழற்சி டிப்பைத் தண்டின்மேல் அழுத்தும் திசையில் இருக்க வேண்டும். பெயர்த்து இழுக்கும் திசையில் இருக்கக் கூடாது. சூடேறினால் கையை எடுத்துவிட்டு, காற்றில் தானாக ஆறும்வரை காத்திருங்கள். பற்றவைப்பு தெரியும் இடத்தைத் தீட்டவே வேண்டாம். பழைய வெள்ளிப் பற்றவைப்புகள் சிலவற்றில் காட்மியம் இருக்கும், அது தனி விஷம். முகமூடி என்றால் துணியோ அறுவை சிகிச்சை மாஸ்க்கோ கணக்கில் வராது. நுண்தூசியைத் தடுக்கும் பி100 வடிகட்டி போட்ட, முகத்தோடு இறுக்கமாகப் படியும் முகமூடி வேண்டும். தாடிக்காரர்களுக்கு அது படியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வேலை முடிந்ததும் காற்றுக் குழாயால் ஊதிச் சுத்தம் செய்கிற பழக்கம் எல்லாப் பட்டறையிலும் இருக்கிறது. கீழே படிந்ததைத் திரும்பவும் மூக்குக்கு அனுப்புகிற வேலை அது. ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். எஃகின் பொறி விழுகிற கிரைண்டரை மரத்தூள் இழுக்கும் குழாயோடு இணைத்து வைத்திருப்பவர்கள் இன்றைக்கே பிரித்துவிட வேண்டும். உள்ளே இருப்பது காய்ந்த மரத்தூள். ஒரு பொறி போதும்.

தேய்ந்து தீர்ந்த வில்லைகளை ஒரு டப்பாவில் போட்டு வைத்தால், டங்ஸ்டனுக்காகப் பழைய கார்பைடை வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

கட்டுரை எழுதியவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. கடைசலைப் பற்றி எழுதியதற்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் அந்தக் கட்டத்தைக் கத்தரித்துக் கிரைண்டருக்கு மேலே சுவரில் ஒட்டிவைத்திருப்பவர்கள் உங்கள் வாசகர்களில் நிச்சயம் இருப்பார்கள். நானும் அப்படி ஒட்டுகிற ஆள்தான். ஆகவே திருத்தத்தை ஆசிரியருக்குக் கடிதங்கள் பகுதியின் மூலையில் போடாமல், அதே கைத்தொழில் பக்கத்தில், அதே அளவு கட்டம் கட்டிப் போடும்படி கேட்டுக்கொள்கிறேன். இந்தக் கடிதம் நீளம் என்று தோன்றினால் மற்றதைக் குறைத்துவிட்டு, தண்ணீர், தூசி, வைரத் தகடு பற்றிய பத்திகளை மட்டுமாவது வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டூல் ரூம் தொழிலாளி